அல்சைமர் வந்தவரோடு வாழ்வது: நோய் என்ன செய்கிறது, குடும்பம் என்ன செய்யலாம்

"வயசாச்சுல்ல, மறக்கத்தான் செய்யும்" என்று ஒரு பக்கம். "எல்லாம் ஞாபகம் இருக்கு, நம்மளப் படுத்தத்தான் இப்படிப் பண்றாங்க" என்று இன்னொரு பக்கம். அல்சைமர் நோயாளி இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு பேச்சும் அடிபடுகின்றன. இரண்டும் தவறு, இரண்டும் கெடுதல். முதல் பேச்சு, மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போட வைக்கிறது. இரண்டாவது, நோயாளியோடு அன்றாடம் மல்லுக்கட்ட வைக்கிறது. நோய் மூளையில் எந்த இடத்தில் தொடங்கி எந்த வரிசையில் நகர்கிறது என்று தெரிந்துகொண்டால், விசித்திரமாகத் தோன்றும் நடத்தைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் புரிந்துவிடும். காரணம் புரிந்தால், என்ன செய்வது என்பதும் பாதி தெரிந்த மாதிரிதான்.

டிமென்ஷியா, அல்சைமர்: எது எது?

நினைவு, பேச்சு, திட்டமிடல், முடிவெடுத்தல் ஆகிய திறன்கள், அன்றாட வேலைகளைத் தனியாகச் செய்ய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அந்த நிலையை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர். டிமென்ஷியா உள்ளவர்களில் சுமார் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு இது காரணமாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் வருவது, லூயி பாடி எனப்படும் வகை, மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை ஆகியவை மற்றவை. வயது கூடக்கூட ஒரே ஆளிடம் இரண்டு வகைகள் கலந்திருப்பதும் உண்டு.

வயதால் வரும் மறதிக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? நேற்று வந்த விருந்தாளியின் பெயர் மறந்துபோய், பிறகு தானாக நினைவுக்கு வந்தால் அது வயதின் மறதியாக இருக்கலாம். விருந்தாளி வந்ததே மறந்து, நாம் எடுத்துச் சொல்லியும் துளிகூட நினைவுக்கு வரவில்லை என்றால் பரிசோதனை தேவை. முப்பது வருடமாகச் செய்துவந்த கணக்கு வழக்கில் தடுமாறுவது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பேச்சின் நடுவே சாதாரணச் சொல் கிடைக்காமல் "அது, அந்த இது" என்று தேடுவது ஆகியவையும் அப்படித்தான்.

பரிசோதனையை அவசரப்படுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், எப்போதோ விழுந்ததில் மண்டையோட்டுக்கு அடியில் மெல்லச் சேர்ந்த ரத்தக்கட்டு, மூளைக்குள் நீர் தேங்குதல் ஆகியவை அல்சைமர் போலவே தோற்றம் காட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் செய்யாமல், வீட்டில் நாமாகவே "இது அல்சைமர்தான்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மூளைக்குள் நடப்பது

ஒரு பெரிய அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் வரும் தபால் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி, எண் போட்டு, உள்ளே ஆவண அறைக்கு அனுப்புகிறார். அங்கே ஐம்பது ஆண்டுக் கோப்புகள் அடுக்கியிருக்கின்றன. ஒருநாள் அந்த எழுத்தர் வேலைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். அதன் பிறகும் தபால் வருகிறது, யாரோ வாங்கிப் பிரித்துப் படிக்கவும் செய்கிறார்கள். பதிவு மட்டும் நடப்பதில்லை. சாயங்காலம் போய்க் கேட்டால் "இன்றைக்குத் தபாலே வரவில்லையே" என்பார்கள். பொய் சொல்லவில்லை, பதிவேட்டில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அதே ஆட்கள் 1970-ஆம் ஆண்டுக் கோப்பைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

மூளையில் அந்த எழுத்தர் வேலையைச் செய்வது ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி. இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அல்சைமர் முதலில் கைவைப்பது இதிலும் இதை ஒட்டிய பகுதியிலும்தான். காலையில் சாப்பிட்டதே தெரியாதவர், பள்ளிக்கூட நாட்களை ஆள் பெயரோடு சொல்வது இதனால்தான். "அதெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் எப்படி மறக்கும்?" என்ற சந்தேகத்துக்கும் இதுவே பதில்.

செல்களை அழிப்பதில் இரண்டு புரதங்களுக்குப் பங்கு இருக்கிறது. அமிலாய்டு என்ற புரதத்தின் துண்டுகள் நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகின்றன. டௌ என்ற புரதம் செல்லுக்குள்ளே இருப்பது; செல்லின் உள்ளே சத்துகள் போய்வரும் நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது அதன் வேலை. நோயில் அது கழன்று, முறுக்கிக்கொண்டு சிக்கலாகிவிடுகிறது. சத்துப் போக்குவரத்து நின்ற செல் மெல்லச் சாகிறது. 1901-இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்ந்த 51 வயதுப் பெண் ஒருவரை ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் கவனித்துவந்தார். அந்தப் பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, இந்தத் திட்டுகளையும் சிக்கல்களையும் 1906-இல் விவரித்தார். இப்போது தெரிந்திருப்பது: அறிகுறி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. போன வருடம் வந்த அதிர்ச்சியாலோ, வீடு மாறியதாலோ நோய் வந்தது என்று குடும்பத்தார் யாரும் தம்மையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஹிப்போகேம்பஸுக்குப் பிறகு நோய் பக்கவாட்டுக்கும் பின்மேல் பகுதிக்கும் போகிறது. சொற்கள் குறைகின்றன, வழி தெரியாமல் போகிறது, கண் நன்றாக இருந்தும் பார்ப்பது என்னவென்று மூளைக்குப் புரிவதில்லை. முன்பகுதிக்கு வரும்போது திட்டமிடலும் அடக்கமும் போகின்றன. கண்ணியமாகவே பேசிவந்தவர் சுடுசொல் சொல்வது இந்தக் கட்டத்தில். நடையும் விழுங்குவதும் கடைசியில் பாதிக்கப்படும்.

எது நீண்ட நாள் தங்கும் என்பதுதான் குடும்பத்துக்கு அதிகம் பயன்படும் செய்தி. கைப்பழக்கம் தங்கும்: துணி மடிப்பது, பெருக்குவது, சிறு வயதில் கற்ற பாட்டைப் பாடுவது. உணர்ச்சியும் தங்கும். அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் பார்த்தது மறந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் நீடித்தன. காலையில் நாம் கத்தியது அவருக்கு மறந்துபோகும். கத்தியதால் வந்த பயம் பின்னும் உடம்பில் இருக்கும். நாம் கையைப் பிடித்துச் சிரித்ததும் அப்படியே.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: புதியது பதிவாகாது, பழையது நீண்ட நாள் நிற்கும், பழக்கமும் உணர்ச்சியும் அதைவிட நீண்ட நாள் நிற்கும். இனி வரும் யோசனைகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து பிறப்பவை.

ஏன் இப்படிச் செய்கிறார்?

ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஆறு தடவை கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் முதல் தடவை. "இப்பதானே சொன்னேன்" என்ற பதில் அவருக்குப் பயன்படாது, அந்த "இப்ப" அவரிடம் இல்லை. பெரும்பாலும் கேள்விக்குள் ஒரு கவலை இருக்கும். "எத்தனை மணிக்குப் போறோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு, தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கலாம். "நானும் கூட வர்றேன், நேரமானதும் நானே கூப்பிடறேன்" என்று கவலைக்குப் பதில் சொன்னால் இடைவெளி கூடும். பதிலைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கண்ணில் படும்படி வைப்பது, படித்துப் புரிந்துகொள்ளும் கட்டம் வரை உதவும். வெளியே கிளம்புவதை முந்தின நாளே சொல்லிவைக்காமல், கிளம்பும் நேரத்தில் சொன்னால் போதும்.

திருட்டுப் பழி இன்னும் வலிக்கும். நடப்பது இதுதான்: பணப்பையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று தலையணை உறைக்குள் வைக்கிறார். வைத்தது பதிவாகவில்லை. தேடும்போது வழக்கமான இடத்தில் பை இல்லை. பை தானாக நடந்து போகாது, யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் யார்? பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோதான். விடுபட்ட இடத்தை மூளை கைக்குக் கிடைத்த விளக்கத்தால் நிரப்பிக்கொள்கிறது. அவர் கையில் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானதுகூட. அதிகம் உழைப்பவர் மீதே பழி விழுவதற்கும் காரணம் இதுதான். "நான் ஏன் எடுக்கப்போறேன்?" என்று வாதாடினால் பழி இறுகும். "காணோமா? அடடா, வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று அவர் பக்கம் நின்று தேடுங்கள், நீங்கள் கண்டுபிடித்தாலும் அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். அவர் ஒளித்துவைக்கும் இடங்கள் மூன்று நான்குதான் இருக்கும், பழகிவிடும். அதே மாதிரி இன்னொரு பணப்பை வாங்கி, அதில் சில்லறை நோட்டுகள் போட்டுவைப்பதும் வேலை செய்யும். குப்பைக் கூடையைக் கொட்டுமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். அவர் தேடுவது ஆவண அறையில் பத்திரமாக இருக்கும் பழைய வீடாக இருக்கலாம். அல்லது வயிற்று வலி, சிறுநீர் முட்டுவது, அலுப்பு, பயம் ஆகியவற்றை அவரால் வேறு விதமாகச் சொல்ல முடியாமல் இருக்கலாம். "இதுதான் உங்க வீடு" என்று நிரூபிக்கப் போகாமல், "அந்த வீட்டுல யார் யார் இருப்பாங்க?" என்று பேச்சை ஓட்டியபடி, தாகமா, கழிவறை போக வேண்டுமா என்று பாருங்கள்.

என்றோ இறந்துபோன தாயை "அம்மா எங்க?" என்று கேட்கும்போது மட்டும் பல குடும்பங்கள் தத்தளிக்கின்றன. இறந்த செய்தியைச் சொன்னால் அவர் அதை அப்போதுதான் முதன்முதலில் கேட்கிறார். அழுது முடித்து, செய்தி மறந்து, துக்கம் மட்டும் மிஞ்சும். மறுபடி கேட்பார். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்களப் பத்திச் சொல்லுங்க" என்பது பொய்யும் இல்லை, கொடுமையும் இல்லை. அவரே தெளிவாக "செத்துட்டாங்களா?" என்று கேட்டால் மென்மையாக ஆமாம் என்று சொல்லி, பக்கத்தில் இருங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டர் எதுக்கு?" என்று மறுப்பதும் பிடிவாதம் அல்ல. தன் குறையைத் தானே அறியும் திறன் மூளையில் சில பகுதிகளைச் சார்ந்தது. அவை பழுதானால் குறை இருப்பதே தெரியாது. மறதியைப் பட்டியல் போட்டுக் காட்டி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. ரத்த அழுத்தம் பார்க்க, கண் பார்க்க என்று அழைத்துப் போய், மருத்துவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நடைமுறையில் பலிக்கும் வழி.

பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவதும் இந்த நோயில் அடிக்கடி காண்பது. தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் மூளைப்பகுதி பழுதாவது, நாளெல்லாம் சமாளித்த அலுப்பு, அந்தி வெளிச்சத்தில் விழும் நிழல்கள் எல்லாம் சேர்ந்த விளைவு. இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, திரையை இழுத்துவிடுங்கள். காலையில் வெயில் வெளிச்சத்தில் அரைமணி நேரம் நடக்க வையுங்கள். பகல் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துங்கள். குளியல், மருத்துவர் போன்ற கடினமான வேலைகளை முற்பகலுக்கு மாற்றுங்கள்.

பேசும் விதம்

முன்னால் வந்து, கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டபின் பேசுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். சொன்னபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் தயாராக அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் நாம் அதையே வேறு சொற்களில் சொன்னால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். "என்ன உடுத்திக்கிறீங்க?" என்பதைவிட, இரண்டு சட்டைகளைக் கையில் பிடித்து "இதா, இதா?" என்பது எளிது.

தயவுசெய்து யாரும் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். வருகிற உறவினர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். கேட்கப்படுபவருக்கு அது எல்லார் முன்னாலும் தோற்கும் தேர்வு. "நான் உங்க தம்பி மகன், பார்க்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வரலாம்.

குளியல்

பெரும்பாலான வீடுகளில் பெரிய போராட்டம் இதுதான். அவர் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். எதற்கு இந்த அறைக்கு வந்தோம் என்று தெரியவில்லை. யாரோ துணியைக் கழற்றுகிறார்கள். குளிர்கிறது. தரை மினுங்குகிறது, ஆழம் தெரியவில்லை. தலைக்கு மேலிருந்து தண்ணீர் முகத்தில் கொட்டுகிறது. அவர் கத்துவதும் கையை ஓங்குவதும் தற்காப்பு.

துண்டு, சோப்பு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் முன்னதாகவே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். பாதியில் விட்டுவிட்டு ஓடக் கூடாது. அறை கதகதப்பாக இருக்கட்டும். வழுக்காத கால் கொண்ட நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு துண்டைத் தோளிலும் ஒன்றை மடியிலும் போர்த்தி, துண்டுக்கு அடியிலேயே கழுவுங்கள். காலில் தொடங்கி மேலே வாருங்கள். தொடும் முன் "இப்ப வலது கால்" என்று சொல்லுங்கள். முகமும் தலையும் கடைசியில், ஈரத் துணியால். அவர் கையில் ஒரு சிறு துணியைக் கொடுத்தால் கை நம்மைத் தடுக்காது, தானும் தேய்த்துக்கொள்வார். வெந்நீர்க் கருவியின் வெப்பத்தை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் அமைத்துவிடுங்கள். சூட்டை உணர்ந்து கையை இழுத்துக்கொள்ளும் வேகம் அவரிடம் குறைந்திருக்கும்.

வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். இருபது நிமிடம் கழித்து வேறு பேச்சோடு வந்து அழைத்தால் மறுத்ததே நினைவில் இருக்காது. முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாட்களில் முகம், அக்குள், இடுப்புக்குக் கீழ் துடைத்தால் தோல் நன்றாகவே இருக்கும்.

உணவும் கழிவறையும்

வெள்ளைத் தட்டில் வெள்ளை உணவு அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. உணவின் நிறத்துக்கு எதிரான ஒற்றை நிறத் தட்டு, பூப்போடாத தட்டு, வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பண்டம், ஒரு கரண்டி. தொலைக்காட்சியை அணையுங்கள். எதிரே உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டால் பார்த்துச் செய்வார். தாகம் எடுப்பதே தெரியாமல் போகும் என்பதால், கேட்கட்டும் என்று காத்திராமல் விழித்திருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள்.

பிற்காலத்தில் விழுங்குவது தடுமாறும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்துக்குள் உணவை அடக்கி வைத்திருப்பது ஆகியவை எச்சரிக்கை. நேராக உட்காரவைத்து ஊட்டி, முடிந்தபின் அரைமணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். முற்றிய நிலையில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.

கழிவறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே அழைத்துப் போங்கள். கதவு திறந்தே, விளக்கு எரிந்தபடி இருக்கட்டும். நாடா, பொத்தான் உள்ள உடைகளை ஒதுக்கி, இழுத்தால் இறங்கும் உடைக்கு மாறுங்கள்.

திடீரென்று மோசமானால் அது அல்சைமர் அல்ல

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகரும் நோய். நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று குழறுகிறார், இல்லாததைப் பார்க்கிறார், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்கி வழிகிறார் என்றால், அதற்கு டெலிரியம் என்று பெயர்: உடம்பில் வேறொரு கோளாறு வந்து மூளையைத் திடீரென்று குழப்புவது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து குறைவு, நாள்பட்ட மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை வழக்கமான காரணங்கள். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். "நோய் முத்திடுச்சு" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். "எப்போது தொடங்கியது, கடைசி இரண்டு வாரத்தில் எந்த மருந்து மாறியது" என்ற இரண்டு தகவலும் கையில் இருக்கட்டும். முகம் கோணுவது, ஒரு பக்கம் கைகால் தளர்வது சேர்ந்திருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வீட்டிலும் வெளியிலும்

தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி அவருக்குக் குழியாகத் தெரியும். தாண்டப் பார்த்து விழுவார். மிதியடிகளை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்து "யாரோ உள்ள இருக்காங்க" என்றால் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு வேண்டும். மருந்து, பூச்சிக்கொல்லி, கத்தி பூட்டுக்குள். எரிவாயுவை ஒவ்வொரு முறையும் உருளையிலேயே மூடுங்கள். வாகனம் ஓட்டுவதை நிறுத்தும் முடிவை மருத்துவர் வாயால் சொல்லவைத்தால் வீட்டுச் சண்டை குறையும்.

வெளியே போய்விடுபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நோக்கம் இருக்கும்: பழைய வேலை, பழைய வீடு. கதவின் கண்மட்டத்துக்கு மேலே தாழ்ப்பாள் வைத்தால் அவர் கவனத்தில் படுவது குறைவு. ஆனால் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. தீ பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த கைவளையம், அண்மையில் எடுத்த புகைப்படம், முன்பு குடியிருந்த, வேலை பார்த்த இடங்களின் பட்டியல் மூன்றும் தயாராக இருக்கட்டும். காணவில்லை என்றால் பதினைந்து நிமிடம் அக்கம்பக்கத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மருந்து எவ்வளவு தூரம் உதவும்?

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்றும் நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் தடுப்பவை. மெமன்டின் நடுக்கட்டத்துக்கு மேல் கொடுப்பது. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை; சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டை போடுபவர்கள், பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மருந்தின் அளவு இரட்டிப்பாகிவிடும். கழற்றிவிட்டு, வேறு இடத்தில் ஒட்டுங்கள்.

அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் 2023-இலும் டோனனெமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அவை. லெகனெமாப் சோதனையில் 18 மாதங்களில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இழந்த நினைவை இவை திருப்பித் தருவதில்லை.

தவிர்க்க வேண்டிய மருந்துகள் இதைவிட முக்கியம். தூக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் டைபென்ஹைட்ரமின், சிறுநீரை அடக்க உதவும் ஆக்சிபியூட்டினின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மூன்றும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. டோனெபெசில் ஒரு பக்கம் இழுக்க, இவை மறுபக்கம் இழுக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள். பதற்றத்தை அடக்கும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலையில், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டுமே அவை. தொடங்கும் நாளிலேயே "எப்போது நிறுத்திப் பார்ப்போம்?" என்று கேளுங்கள்.

எனக்கும் வருமா?

பெற்றோரிடமிருந்து நேரடியாக இறங்கி, இள வயதிலேயே தாக்கும் மரபணு வகை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். டிமென்ஷியாவில் கிட்டத்தட்ட 45 சதவீதம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் சொன்னது. காது கேளாமை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பது, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு. நடுவயதில் காது மந்தமானால் கருவி வாங்கத் தயங்க வேண்டாம்.

கையெழுத்து போட முடியும்போதே

நோய் உறுதியான முதல் சில மாதங்களில் இதைச் செய்யுங்கள்: வங்கிக் கணக்கு, காப்பீடு, சொத்துப் பத்திரம் பட்டியல், உயில், தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்ற அதிகார ஆவணம், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற அவருடைய விருப்பம். அதிகார ஆவணங்களில் ஒரு சிக்கல் உண்டு: எழுதிக் கொடுத்தவர் யோசிக்கும் திறனை இழந்ததும் சில வகைகள் செல்லாமல் போகும். நமக்குத் தேவைப்படுவதே அதன் பிறகுதான். எது செல்லும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பார்த்துக்கொள்பவரின் உடம்பு

எதிரே இருக்கிறார், ஆனால் பழைய ஆளாக இல்லை. இப்படி மெல்ல மெல்ல இழப்பதன் துக்கம், இறப்பின் துக்கத்துக்குக் குறைந்தது அல்ல; அதற்கு அழுவதில் வெட்கம் எதுவும் இல்லை. கோபம் வருவதும் இயல்பு. கை ஓங்கப்போகிறோம் என்று தோன்றும் கணத்தில், அவர் பத்திரமான இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குடும்பத்துக்குக் கொடுக்கும் ஆதரவு நோயாளிக்கும் போய்ச் சேர்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கைத் துணைக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை, ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசி உதவி ஆகியவற்றை ஏற்பாடு செய்தது. அந்தக் குடும்பங்களில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நேரம் சுமார் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது என்று 2006-இல் வெளியான முடிவு காட்டியது.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லும் உடன்பிறப்புகளிடம் குறிப்பான வேலையைக் கேளுங்கள்: சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை நீ வந்து இரு; மருந்து வாங்குவதும் மருத்துவர் தேதியும் உன் பொறுப்பு. வருபவர் திணறாமல் இருக்க ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்: எத்தனை மணிக்கு எழுவார், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எந்த மாத்திரை எப்போது, எந்தப் பாட்டுக்கு அமைதியாவார், எதைச் சொன்னால் கலங்குவார், கழிவறை வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவார், பணப்பையை எங்கெல்லாம் ஒளித்து வைப்பார். மாதம் ஒருமுறை அந்தத் தாளைத் திருத்தி எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை நான்கு மணி நேரத்தில் முதலில் தூங்குங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த உங்கள் ரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் அன்றே போய் வந்துவிடுங்கள்.